இருபது பாட்டு, நான்கு அமர்வு: 'க்ரானிக்கிள்' தொகுப்பைக் கேட்கும் முறை

க்ரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் 'க்ரானிக்கிள்' தொகுப்பைக் கேட்கத் தொடங்குகிறவர், எல்லாவற்றுக்கும் முன்னால், செயலியில் பாட்டுகளைக் கலைத்துப் போடும் பொத்தானை அணைத்துவிட வேண்டும். இந்தத் தொகுப்பில் 20 பாட்டுகள் இருக்கின்றன. குழுவின் முதல் ஆல்பம் வெளியான 1968 தொடங்கி, குழு கலைந்த 1972 வரை, ஏறக்குறைய வெளிவந்த வரிசையிலேயே அவை கோக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரிசையில் கேட்டால், நான்கு பேர் தங்களுக்கென ஒரு குரலைத் தேடிக் கண்டுபிடித்து, அதைக் கொண்டு உச்சிக்கு ஏறி, பிறகு ஒருவரையொருவர் இழந்த கதை சுமார் 68 நிமிடங்களில் காதில் விழும். கலைத்துப் போட்டுக் கேட்டால் 20 நல்ல பாட்டுகள் மட்டுமே கிடைக்கும்.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். நாங்கள் சேலம் அம்மாபேட்டையில் இருந்த நாளில், 1980களின் பிற்பகுதியில், என் அண்ணன் தன் நண்பரிடமிருந்து இந்த இரட்டை இசைத்தட்டை இரவல் வாங்கி, ஒரு 60 நிமிடக் கேசட்டையும் சேர்த்து ஒரு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துப் பதிவு செய்து கொண்டு வந்தார். 68 நிமிடப் பாட்டு 60 நிமிட நாடாவில் அடங்காது என்பதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை. பதினெட்டாம் பாட்டான 'ஹே டுநைட்' முடிகிற தறுவாயில் நாடா தீர்ந்து, பொத்தான் 'டக்' என்று மேலே வந்துவிடும். கடைசி இரண்டு பாட்டுகள் அந்தக் கேசட்டில் இல்லவே இல்லை. ஆகவே இந்தக் குழு கொண்டாட்டமாகப் பாடிக்கொண்டே விடைபெற்றது என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். இருபதாவது பாட்டை முதன்முறையாகக் கேட்ட அன்று, தெரிந்த வீட்டில் அதுவரை திறக்காத ஓர் அறையைத் திறந்தது போல இருந்தது.

குழுவைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது அதிகமில்லை. ஜான் ஃபோகர்ட்டி பாடி, மெட்டை முன்னெடுக்கும் லீட் கிட்டார் வாசித்து, பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர். அவருடைய அண்ணன் டாம் ஃபோகர்ட்டி, பின்னணியில் தாளத்தைத் தாங்கும் ரிதம் கிட்டார். ஸ்டூ குக் பேஸ் கிட்டார். டக் கிளிஃபோர்ட் டிரம்ஸ். கலிபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய எல் செரிட்டோ என்ற சிற்றூர்ப் பையன்கள் இவர்கள். பள்ளி நாளில் 'ப்ளூ வெல்வெட்ஸ்' என்றும், பிறகு 'கோலிவாக்ஸ்' என்றும் பெயர் வைத்துக்கொண்டு, கவனிப்பாரின்றி ஏறக்குறைய பத்தாண்டுகள் வாசித்த பிறகே இப்போதைய பெயருக்கும் புகழுக்கும் வந்தார்கள். அவர்களுடைய பாட்டுகளில் மிசிசிப்பி ஆறும், சதுப்பு நிலமும், அமெரிக்கத் தென் மாநிலத்துப் பேச்சும் நிறைந்திருக்கும். ஆனால் தென் மாநிலத்தில் வளர்ந்தவர் ஒருவர்கூடக் குழுவில் இல்லை. இதைப் பொய்யென்று குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய திரைப்பட நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைப் பார்த்தபடியே ஏற்காட்டுச் சாலையில் போய் வந்து வளர்ந்த எங்களுக்கு, இல்லாத ஊரை இருப்பதாகக் காட்டி நம்ப வைப்பதும் ஒரு கலை என்பது புதிய செய்தி அல்ல.

சரியான தொகுப்பைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம் தேவை. இந்தக் குழுவின் பெயரில் தொகுப்புகள் பல உள்ளன; கச்சேரிப் பதிவுகளும் உண்டு; ஸ்டூ குக்கும் டக் கிளிஃபோர்டும் 1995இல் தொடங்கிய 'க்ரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவிசிட்டட்' என்ற வேறொரு குழுவின் பதிவுகளும் தேடும்போது கூடவே வந்து நிற்கும். நீங்கள் தேட வேண்டியது ஃபேன்டசி நிறுவனம் 1976இல் வெளியிட்ட, 20 பாட்டுகள் கொண்ட முதல் 'க்ரானிக்கிள்'. 'சூசி க்யூ'வில் தொடங்கி 'சம்டே நெவர் கம்ஸ்' பாட்டில் முடிந்தால் அதுதான். அமெரிக்க ஆல்பங்களின் வாராந்தரப் பட்டியலான பில்போர்ட் 200இல் 500 வாரங்களுக்கும் மேல் இடம்பெற்ற தொகுப்பு என்பதால் எந்தச் செயலியிலும் எளிதாகக் கிடைக்கும். மலைப்பாதையில் கேட்கலாம் என்று எண்ணுகிறவர்கள் அடிவாரத்திலேயே பதிவிறக்கம் செய்துகொள்வது நல்லது. வளைவுகளுக்கு நடுவில் சிக்னல் போய்ப் போய் வரும். ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளும் இருபது என்பதால், வளைவுக்கு ஒரு பாட்டு என்று வைத்துக் கேட்கும் ஆசை என் வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்தது. ஆசை அழகானதே, ஆனால் முதல்முறை கேட்பதற்குப் பேருந்து ஏற்ற இடமன்று. பின்னணியில் மெல்ல உருளும் பேஸ் கிட்டார், இரண்டாம் கியரில் ஏறும் இஞ்சினின் உறுமலில் அடிபட்டுப் போகும்.

வீட்டில், ஓரளவு நல்ல ஒலிபெருக்கியில், நான்கு அமர்வாகக் கேளுங்கள். நான்கு என்பது என் கணக்கு அல்ல. இரட்டை இசைத்தட்டுக்கு நான்கு பக்கங்கள். பக்கத்துக்கு ஐந்து, ஆறு, ஐந்து, நான்கு என்று பாட்டுகள் பிரிந்திருந்தன. ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டியிருந்த அந்த இடைவெளி, காதுக்கு ஓர் ஓய்வு. இப்போது அந்த இடைவெளியை நாமேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அதையே இரண்டு முறை என்பது நான் பின்பற்றும் வழக்கம். முதல் முறை பாட்டு வரிகளைப் படிக்காமல் கேட்பது. இரண்டாம் முறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது. ஆங்கிலம் பிடிபடவில்லையே என்று தயங்க வேண்டாம். ஜான் ஃபோகர்ட்டியின் உச்சரிப்பு அகராதிக்குக் கட்டுப்பட்டதல்ல; 'டர்ன்' என்பதை அவர் 'டாய்ன்' என்றே இழுப்பார். 'பேட் மூன் ரைசிங்' பாட்டில் தீய நிலவைப் பற்றி வரும் வரியை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'வலப்பக்கம் குளியலறை இருக்கிறது' என்று தவறாகக் கேட்டிருக்கிறார்கள். அது பரவிப்போய், அவரே சில மேடைகளில் அப்படிப் பாடியும் காட்டினார்.

முதல் அமர்வில் காது வைக்க வேண்டிய இடம் இரண்டாம் பாட்டுக்கும் மூன்றாம் பாட்டுக்கும் நடுவில் இருக்கிறது. 'சூசி க்யூ' டேல் ஹாக்கின்ஸ் 1957இல் பாடியது. 'ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ' ஸ்க்ரீமின் ஜே ஹாக்கின்ஸுடையது. இரண்டும் பிறர் பாட்டுகள். இரண்டும் நாலரை நிமிடம் நீள்பவை. இரண்டிலும் கிட்டார் தன் திறமையைக் காட்டிக்கொண்டே இருக்கும். அடுத்து 'ப்ரவுட் மேரி' வருகிறது. முதல் சில கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) படியிறங்குவது போல விழுந்தவுடனே குழு மாறிவிட்டது தெரியும். ராணுவச் சேவையிலிருந்து விடுவிப்புக் கடிதம் வந்த 1968இல் ஜான் எழுதிய பாட்டு இது. நகரத்து வேலையை உதறிவிட்டு ஆற்றுக் கப்பலோடு போகிறவனைப் பற்றிய இந்தப் பாட்டில், கப்பலின் பெரிய சக்கரம் தண்ணீரைத் தள்ளும் நிதானமே தாளமாக இருக்கிறது. பூலாம்பட்டியில் விசைப்படகில் காவிரியைக் கடந்தவர்களுக்கு அந்த நிதானத்தை விளக்க வேண்டியதில்லை: கரை அவசரப்படும், ஆறு அவசரப்படாது. பாடகி டினா டர்னர் 1971இல் இதே பாட்டை வேறொரு வேகத்தில் புகழ்பெறச் செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது தனி இன்பம், ஆனால் அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பக்கத்தின் கடைசிப் பாட்டான 'லோடை' பலரும் தாண்டிப் போய்விடும் ஒன்று. லோடை என்பது கலிபோர்னியாவின் உள்நாட்டில் உள்ள ஓர் ஊர். பேர் வாங்கப் புறப்பட்ட பாட்டுக்காரன் ஒருவன் அங்கே வந்து சேர்ந்து, ஊர் திரும்பக் கையில் காசில்லாமல், குடித்துவிட்டுக் கவனிக்காமல் இருப்பவர்களுக்காகப் பாடிக்கொண்டு தேங்கிப் போகிறான். திருவிழாக் காலத்தில் விடிவதற்கு முன் சேலம் புதிய பேருந்து நிலையத்துக்குப் போனால், மெல்லிசைக் கச்சேரி முடித்து வந்து, கீபோர்டு பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்தபடி முதல் பேருந்துக்காகக் காத்திருக்கும் கலைஞர்களைப் பார்க்கலாம். பளபளக்கும் சட்டையை மாற்றிக்கொள்ளக்கூட நேரமிருந்திருக்காது. அவர்களைப் பார்த்த கண்ணோடு இந்தப் பாட்டைக் கேளுங்கள். வரிகள் தாமாகப் புரியும்.

இரண்டாம் அமர்வுதான் இந்தத் தொகுப்பின் நடுநாயகம் என்பது என் கருத்து. 1969ஆம் ஆண்டில் மட்டும் இந்தக் குழு மூன்று ஆல்பங்களை வெளியிட்டது. ஆறு பாட்டுகள், மொத்தமாகப் பதினைந்து நிமிடத்துக்குள். எதுவும் மூன்று நிமிடத்தைத் தொடவில்லை. எதிலும் வீணான ஒரு நொடி இல்லை. இங்கே பாட்டை விட்டுவிட்டுத் தாளத்தைக் கவனிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். அதற்கு எனக்கு வழி காட்டியவன் என் அண்ணன் மகன். விடுமுறைக்கு ஏற்காடு வந்திருந்தவன், 'கிரீன் ரிவர்' முடிந்து 'கமோஷன்' தொடங்கியதும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, "அத்தை, இது நம்ம தறி ஓடுற மாதிரியே இருக்குதுங்க" என்றான். அவன் பிறந்ததிலிருந்து அம்மாபேட்டையில் விசைத்தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவன். குறுக்கு நூலான ஊடையைச் சுமந்து தறியின் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாயும் அடி ஒன்று, உடனே அந்த ஊடையை நெருக்கும் அடி ஒன்று என்று மாறி மாறி வரும் அந்த ஒழுங்கை டக் கிளிஃபோர்டின் கையில் அவன் கேட்டுவிட்டான். தறியில் ஓர் அடி தப்பினால் துணியில் தெரிந்துவிடும் என்பதால் தறிக்காரர் காது அடியை எண்ணாமலே எண்ணிக்கொண்டிருக்கும். அந்தக் காதுதான் இந்தப் பக்கத்துக்குத் தேவை.

அதன் பிறகு நான் எல்லோருக்கும் இப்படியே சொல்லிக் கொடுக்கிறேன். முதலில் டிரம்ஸின் அடியைக் கையால் தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். அது பழகியதும், அதே பாட்டை மறுபடி வைத்து, டாம் ஃபோகர்ட்டியின் ரிதம் கிட்டாரை மட்டும் தேடுங்கள். அது முன்னுக்கு வந்து நிற்காது. தறியின் நெடுக்கு நூலான பாவு போல நீளமாக, இறுக்கமாக விரிந்திருக்கும். அதன் குறுக்கே ஜானின் லீட் கிட்டார் ஊடையாக ஓடுவது அப்போதுதான் விளங்கும். பாவு தெரிய வேண்டியதில்லை, ஆனால் பாவு தளர்ந்தால் துணியே இல்லை என்பதை நான்காம் அமர்வில் நினைத்துக்கொள்ள நேரும். இவர்கள் பயிற்சி செய்த பெர்க்லி கிடங்குக்குத் தொழிற்சாலை என்றே பெயர் வைத்திருந்தார்கள். கிட்டத்தட்ட எல்லா நாளும் வரச் சொல்லி ஜான் வேலை வாங்கியதால் டக் கிளிஃபோர்ட் வைத்த பெயர் அது. கிளிஃபோர்டின் பட்டப்பெயரையும் சேர்த்து 'காஸ்மோஸ் ஃபேக்டரி' என்று 1970இல் ஓர் ஆல்பத்துக்கே தலைப்பானது. அம்மாபேட்டைக்காரர்களுக்கு இந்தக் குழு ஒட்டிக்கொள்வதில் வியப்பே இல்லை.

இந்தப் பக்கத்தில் 'டவுன் ஆன் தி கார்னர்' கற்பனையான ஒரு தெருமுனை இசைக்குழுவைப் பற்றியது. துணி துவைக்கும் பலகையும் அவர்களுக்கு வாத்தியம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் 'ஃபார்ச்சுனேட் சன்' வந்துவிடுகிறது. வியட்நாம் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு நடந்த காலத்தில், செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகள் தப்பித்துக்கொள்ள, இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அனுப்பப்பட்டதைக் கேட்டுக் கொதிக்கும் பாட்டு. ஜானும் டக் கிளிஃபோர்டும் ரிசர்வ் படையில் சேவை செய்தவர்கள் என்பதால் இந்தக் கோபம் வெளியிலிருந்து வந்ததன்று. ஏறக்குறைய இரண்டேகால் நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுகிறது. கோபத்தைச் சுருக்கமாகச் சொல்லக் கற்றுக்கொள்ள விரும்பும் எவரும், எழுதுகிறவர்களும் கூட, இதைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

மூன்றாம் அமர்வு எளிது. அதிகம் சொல்லப் போவதில்லை. 'லுக்கிங் அவுட் மை பேக் டோர்' ஜான் தன் சிறு மகனுக்காக எழுதியது. முடிவுக்கு முன் தாளம் வேண்டுமென்றே தளர்ந்து மீண்டும் பிடித்துக்கொள்ளும் இடத்தில் குழந்தைகள் தவறாமல் சிரிப்பார்கள். 'ரன் த்ரூ தி ஜங்கிள்' வியட்நாம் காட்டைப் பற்றியது என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் குவிந்து கிடக்கும் துப்பாக்கிகளைப் பற்றியது என்று எழுதியவரே சொல்லியிருக்கிறார். 'ஐ ஹேர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்' மட்டும் 11 நிமிடம். பாடகர் மார்வின் கே புகழ்பெறச் செய்த பாட்டை எடுத்துக்கொண்டு கிட்டார் விரிவாகப் பேசுகிறது. அவசரக்காரர்கள் இதைத் தாண்டிவிடுவார்கள். ராக ஆலாபனைக்குப் பொறுமையாக உட்காரத் தெரிந்தவர்களுக்கு இது நீளமே அல்ல.

நான்காம் அமர்வுக்கு முன்னால், இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டான 'ஹூல் ஸ்டாப் தி ரெயின்' பாட்டை இன்னொரு முறை கேட்டுவிட்டு வாருங்கள். இந்தக் குழுவுக்கு இரண்டு மழைப் பாட்டுகள். இரண்டுக்கும் நடுவில் ஓராண்டு. 1970 தொடக்கத்தில் வந்த முதல் மழை ஓயாதது. அதை நிறுத்த யாருமில்லை. 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் என்ற பெரிய திறந்தவெளி இசைவிழாவின் மழையிலும் சேற்றிலும், நள்ளிரவைத் தாண்டி மேடையேறிப் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு வாசித்த அனுபவத்தை அதோடு சேர்த்து ஜான் பேசியிருக்கிறார். 1971 தொடக்கத்தில் வந்த இரண்டாம் மழையான 'ஹேவ் யூ எவர் சீன் தி ரெயின்' அப்படிப்பட்டதன்று. அது வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பெய்கிற மழை.

ஏற்காட்டில் நான் இருக்கும் ஒண்டிக்கடைப் பக்கத்தில் இதை அடிக்கடி பார்க்கலாம். சில்வர் ஓக் மரங்களின் உச்சியில் வெயில் பளிச்சென்று இருக்கும். அடியில் காபிச் செடியின் இலைகள் மேல் சடசடவென்று தூறல் விழும். காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்று பிள்ளைகள் வெளியே ஓடுவார்கள். நமக்கு வேடிக்கையாக இருக்கும் அந்தக் காட்சியைத்தான் ஜான் துயரத்துக்கு உருவமாக எடுத்துக்கொண்டார். பணம், புகழ், பட்டியலில் இடம் என்று வெயில் உச்சியில் இருந்த காலத்தில் குழுவுக்குள் மழை பிடித்துவிட்டது. மற்ற மூவரும் முடிவெடுப்பதில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்றார்கள், ஜான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பாட்டு தனித்தட்டாக வெளிவந்த சிறிது காலத்திலேயே அண்ணன் டாம் விலகிப் போனார். பாவு போனது என்று நான் சொன்னது இதைத்தான். இந்தப் பாட்டைச் சந்தோஷமான பாட்டு என்று எண்ணிப் பல ஆண்டுகள் நானே கூடப் பாடியிருக்கிறேன். மெட்டு அவ்வளவு இதமானது. துயரத்தை இதமான மெட்டில் வைப்பது எப்படி என்பதை நம் ஊர்த் தாலாட்டும் அறிந்திருப்பதால், இதைக் கேட்க நமக்குத் தடையொன்றும் இருக்காது.

அடுத்த 'ஹே டுநைட்' டாம் இருக்கும்போதே பதிவானது. 'ஸ்வீட் ஹிட்ச்-ஹைக்கர்' மூவராகச் செய்தது. வேகம் இருக்கிறது, ஆனால் கூர்ந்து கேட்டால் இரண்டாம் அமர்வில் தேடிப் பிடித்த அந்த அடிவரி ஓசை குறைந்திருப்பது தெரியும்.

கிட்டார் பழகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், நான்கு அமர்வும் முடிந்த பிறகு 'பேட் மூன் ரைசிங்' பாட்டைக் கொடுங்கள். டி, ஏ, ஜி என்ற மூன்று கார்டுகளே போதும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். மேலும் கேட்க விரும்புகிறவர்கள் 1986இல் வந்த இரண்டாம் 'க்ரானிக்கிள்' தொகுப்புக்குப் போகலாம். முதல் தொகுப்பில் விட்டுப்போன 'பார்ன் ஆன் தி பேயூ' அதில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதைவிட, 'காஸ்மோஸ் ஃபேக்டரி' ஆல்பத்தை முழுதாகக் கேட்பதே மேல். அதன் முதல் பாட்டான 'ராம்பிள் டாம்பிள்' இரண்டு தொகுப்புகளிலும் இல்லை. ஏழு நிமிடத்தில் ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு பிறப்பதை அதில் கேட்கலாம்.

இருபதாவது பாட்டைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. 'சம்டே நெவர் கம்ஸ்' 1972இல், குழு கலைவதற்குச் சில மாதங்களுக்கு முன் வந்தது. விட்டுப்போகும் தகப்பன், ஒரு நாள் புரியும் என்று மகனிடம் சொல்கிறான். மகன் வளர்ந்து தானும் தகப்பனாகி அதே சொல்லைத் தன் பிள்ளையிடம் சொல்லும் நிலைக்கு வருகிறான். ஜானின் பெற்றோரும் பிரிந்தவர்கள். டாம் 1990இல் காலமானார்; அண்ணன் தம்பி மனத்தாங்கல் கடைசிவரை முழுதாகத் தீரவில்லை. இதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது பாட்டு முடிந்ததும் சிறிது நேரம் ஒன்றும் பேசத் தோன்றாது. ஆனால் செயலி சும்மா இருக்காது. பட்டியல் தீர்ந்த மறுநொடி தானாகவே வேறு யாருடைய பாட்டையாவது எடுத்துப் போட்டுவிடும். கலைத்துப் போடும் பொத்தானை அணைத்த அன்றே அந்த அமைப்பையும் தேடி அணைத்து வைத்துவிடுங்கள்.